லேப்டாப்பில் ஓடும் பிஎச்பி, சர்வரில் ஏன் வெள்ளைப் பக்கம்?

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்ட கடிதம் தென் மாவட்டக் கடலோர ஊர் ஒன்றிலிருந்து வந்தது. எழுதியவருக்கு 27 வயது, படித்தது பி.காம். மாமனார் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருக்கிறார்: அண்டா, தவலை, பந்தி மேஜை, நாற்காலி, ஜமக்காளம். ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே அண்டாவை இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டுக் கையைப் பிசைந்து நின்றது இரண்டு முறை நடந்திருக்கிறது. அதைப் பார்த்த மருமகள், எட்டு மாதம் வீடியோ பார்த்து, இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, ஆர்டர் பதியும் பக்கங்களைத் தானே எழுதியிருக்கிறார்.

லேப்டாப்பையே சர்வராக்கும் ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு ஓட்டினால் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது. ஹோஸ்டிங் (இணையத்தில் வாடகை சர்வர் இடம்) வாங்கி ஏற்றியதும் தொல்லை தொடங்கிவிட்டது. ஆர்டர் பக்கம் வெறும் வெள்ளையாக வருகிறது. லாகின் பக்கத்தில் சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் அதே பக்கமே திரும்ப வந்து நிற்கிறது. தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. இது போக, லேப்டாப்பிலேயே டி'குரூஸ் என்ற பெயரில் வரும் ஆர்டர் மட்டும் பதிவாவதில்லை.

சென்னையில் ஐடி வேலையில் இருக்கும் கொழுந்தனார், "பிஎச்பி செத்துப்போன மொழி, பைதான் படிங்க அண்ணி" என்கிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர் 18,000 ரூபாயும் ஹோஸ்டிங் பாஸ்வேர்டும் கேட்கிறார். "பொறியியல் படிக்காததால்தான் எனக்கு வரவில்லையா? மொழியை மாற்றணுமா? பணம் கொடுத்துவிடலாமா? இல்லை, இதை இப்படியே விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன், இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: லாகின் வேலை செய்யாவிட்டாலும், வாடிக்கையாளர் பட்டியல் பக்கத்தின் முகவரியை நேராக டைப் செய்தால் திறந்துவிடுகிறது, அதனால் இப்போதைக்குச் சமாளிக்கிறேன் என்று. உங்களுக்குத் திறக்கிற கதவு யாருக்கும் திறக்கும். அந்தப் பக்கத்தில் இருநூறு குடும்பங்களின் பெயர், வீட்டு முகவரி, செல்போன் எண், கல்யாணத் தேதி எல்லாம் இருக்கின்றன. நகை வீட்டில் இருக்கும் நாள் எது என்று வெளியாளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பட்டியல் அது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலில் டைரக்டரி பிரைவசி என்று ஒன்று இருக்கும். அதற்குள் போய் அந்த ஃபோல்டருக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைத் தக்க பாதுகாப்போடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

படிப்பைப் பற்றிய கவலையை விடுங்கள். நீங்கள் அனுப்பிய ஃபைல்கள் முழுவதையும் படித்தேன். வாடகைக் கணக்கும், உடைந்த பாத்திரத்துக்குப் பிடித்தம் போடுவதும், முன்பணத்தைக் கழிப்பதும் ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. அதுதான் கடினமான பகுதி. உங்களை மடக்கியிருப்பவை பொறியியல் படித்து வருகிறவர்களையும் முதல் வருடத்தில் மடக்குபவைதான். மொழியையும் குறை சொல்ல வேண்டாம். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் வெளியிட்ட பிஎச்பியில்தான் இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளும் பிஎச்பியில் எழுதப்பட்டதுதான். பைதான் நல்ல மொழி, பிறகு படியுங்கள். ஆனால் இன்று மொழியை மாற்றினால் இதே நான்கு தொல்லைகளும் வேறு உடையில் வந்து நிற்கும்.

வெள்ளைப் பக்கம் என்பது பேசாத பிழை

பக்கம் வெள்ளையாக வந்தால் பிஎச்பி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்கிறோம். அது சொல்லியிருக்கிறது, வேறொரு இடத்தில். லேப்டாப்பில் ஸாம்ப் பிழையைத் திரையிலேயே காட்டும். ஹோஸ்டிங் சர்வரில் அதை அணைத்து வைத்திருப்பார்கள், அப்படித்தான் வைக்கவும் வேண்டும். அங்கே பிழைகள் எரர் லாக் என்ற ஃபைலுக்குப் போகும். சிபேனல் ஹோஸ்டிங்கில் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கும் அதே ஃபோல்டரில் அது கிடக்கும். அதைத் திறந்து கடைசி வரியைப் பாருங்கள். என்ன பிழை, எந்த ஃபைல், எத்தனையாவது வரி என்ற மூன்றும் அதில் இருக்கும். வரி எண்ணை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்க்கப் பழகுங்கள். 41-ம் வரியில் செமிகோலன் விட்டுப்போனால் பிஎச்பி 42-ம் வரியைத்தான் காட்டும், ஏனென்றால் அங்கே வந்த பிறகுதான் அதற்கு இடிக்கிறது.

பிழையைத் திரையில் காட்டச் சொல்லும் டிஸ்ப்ளே எரர்ஸை இயக்கும் இரண்டு வரிகளை ஆர்டர் பக்கத்தின் தலையில் சேர்த்தும் வெள்ளையாகவே வந்தது என்று எழுதியிருந்தீர்கள். சேர்த்ததில் தவறில்லை. உங்கள் பிழை இலக்கணப் பிழை. பிஎச்பி ஒரு ஃபைலை முழுக்கப் படித்துப் பொருள் புரிந்த பிறகே முதல் வரியை ஓட்டும். படிக்கும்போதே இடறினால் அந்த இரண்டு வரிகளும் ஓடவே ஓடாது. இந்த மாதிரி நேரத்தில் லாக் ஒன்றுதான் வழி.

உங்கள் விஷயத்தில் எங்கே இடறுகிறது என்பது எனக்குத் தெரிகிறது. பாத்திர வகைக்கு ஏற்ற வாடகையைத் தேர்ந்தெடுக்க 'மேட்ச்' என்ற அமைப்பைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8.0-ல்தான் சேர்ந்தது. உங்கள் லேப்டாப்பில் 8.2 இருக்கிறது. ஹோஸ்டிங்கில் 7.4 என்று நீங்கள் அனுப்பிய படத்தின் ஓரத்தில் தெரிகிறது. 7.4-க்கு அந்தச் சொல்லே தெரியாது. இதற்காகக் கோடில் (நீங்கள் எழுதிய நிரலில்) ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். சிபேனலில் பிஎச்பி வெர்ஷனைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் லேப்டாப்பில் உள்ள அதே வெர்ஷனை வையுங்கள். 7.4-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதே 2022 நவம்பரோடு நின்றுவிட்டது.

அடுத்து, பக்கங்கள் எடுத்துக்கொள்ளும் 'ஹெடர்' என்ற ஃபைல். ஃபைலின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, அதை அழைக்கும் வரியில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். உங்கள் ஹோஸ்டிங் ஓடுவது லினக்ஸில், அதற்கு இவை இரண்டு வேறு ஃபைல்கள். எல்லா ஃபைல் பெயர்களையும் சின்ன எழுத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வீடியோவில் சொன்னார்கள் என்று எல்லாவற்றுக்கும் 777 அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். அதை உடனே திரும்பப் பெறுங்கள். ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644 போதும். 777 என்பது அந்த சர்வரில் இருக்கும் எவரும் எழுதலாம் என்று சாவியைத் திண்ணையில் வைப்பது. பல ஹோஸ்டிங் சர்வர்கள் அப்படி இருக்கும் ஃபைலை ஓட்டவே மறுத்து 500 என்ற சர்வர் பிழையைத் தரும்.

அந்த அட் (@) குறியும் இருக்கிறது. பிழைச்செய்தி வருகிறது என்று பதினோரு இடத்தில் கட்டளைக்கு முன்னால் அதைப் போட்டு வாயடைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பப் படிவம் செய்துகொடுத்தேன். எச்சரிக்கைகள் கண்ணை உறுத்துகின்றன என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டே ஒப்படைத்தேன். மூன்று வாரம் யாருடைய விண்ணப்பமும் டேட்டாபேஸில் சேரவில்லை. எல்லாருக்கும் 'நன்றி, பதிவாகிவிட்டது' என்ற செய்தி மட்டும் போயிற்று. தேதி முடிந்த பிறகு நேரில் வந்து நின்றவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிழை வந்து பக்கம் நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

லாகினைத் தடுத்த மூன்று பைட்டுகள்

உங்கள் கோடில் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது இதுதான். லாகின் பக்கத்தை வரி வரியாகப் பார்த்தேன், தர்க்கத்தில் குறை இல்லை. பிறகு அது முதலில் அழைக்கும் கன்ஃபிக் ஃபைலை (அமைப்புகளைக் குறித்து வைக்கும் ஃபைல்) பைட் பைட்டாகத் திறந்தேன். பிஎச்பி தொடங்குவதைக் குறிக்கும் தொடக்க டேக்குக்கு முன்னாலேயே மூன்று பைட்டுகள் உட்கார்ந்திருந்தன: 239, 187, 191. எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாது. பாம் என்று சொல்லும் குறி இது. பழைய விண்டோஸ் நோட்பேடில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் சேமித்தால் ஃபைலின் தலையில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

அதனால் என்ன கெடும் என்று பாருங்கள். சர்வர் பிரவுசருக்கு முதலில் ஹெடர்கள் என்ற குறிப்புகளை (முன்பு சொன்ன 'ஹெடர்' ஃபைல் வேறு) அனுப்பும், பிறகுதான் பக்கத்தை. குக்கி கொடுப்பது, வேறு பக்கத்துக்குப் போகச் சொல்வது எல்லாம் ஹெடரில் போக வேண்டியவை. பக்கத்தின் ஒரு பைட் வெளியே போய்விட்டாலும் ஹெடருக்கான நேரம் முடிந்தது. உங்கள் கன்ஃபிக் ஃபைலின் மூன்று பைட்டுகள் பிஎச்பி டேக்குக்கு வெளியே இருப்பதால் அவை பக்கத்தின் உள்ளடக்கமாக முதலில் போய்விடுகின்றன. அதன்பின் யார் லாகின் ஆனார் என்று நினைவில் வைக்கும் செஷனைத் தொடங்க முடியாது, ஆர்டர் பக்கத்துக்குத் திருப்பிவிடவும் முடியாது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் கீழே இருக்கும் லாகின் படிவமே மறுபடி வந்து நிற்கிறது. லாக் ஃபைலில் 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று வரிசையாக இருக்கும், அடைப்புக்குறிக்குள் கன்ஃபிக் ஃபைலின் பெயரும் 1 என்ற வரி எண்ணும் இருக்கும். அந்த அடைப்புக்குறியைத்தான் படிக்க வேண்டும். பிழை தலைகாட்டிய இடத்தைத் தேடி நீங்கள் லாகின் ஃபைலில் இரண்டு வாரம் உழைத்திருக்கிறீர்கள். குற்றவாளியின் முகவரி அடைப்புக்குள் இருந்தது.

லேப்டாப்பில் ஏன் இது தெரியவில்லை? ஸாம்ப் அவுட்புட்டை 4096 பைட் வரை தேக்கி வைத்துத்தான் அனுப்பும். அதற்குள் ஹெடர் வந்துவிட்டால் தகராறு இல்லை. உங்கள் ஹோஸ்டிங்கில் அந்தத் தேக்கம் இல்லை போலும்.

ஃபைலை எடிட்டரில் பாம் இல்லாத யுடிஎஃப்-8 என்று மாற்றிச் சேமியுங்கள். பிஎச்பி மட்டும் உள்ள ஃபைல்களில் கடைசியில் மூடும் டேக்கைப் போடாதீர்கள். அதற்குப் பிறகு கிடக்கும் வெற்று வரிகளும் இதே வேலையைச் செய்யும்.

பட்டியல் பக்கம் ஊருக்கே திறந்ததற்கும் இதுவே பாதிக் காரணம். லாகின் செய்யாத ஆளை லாகின் பக்கத்துக்கு அனுப்பும் வரியை எழுதியிருக்கிறீர்கள். அந்த ஹெடர் போகவில்லை. போயிருந்தாலும் அடுத்த வரியில் 'எக்ஸிட்' இல்லை. ஹெடர் அனுப்பியதும் பிஎச்பி நின்றுவிடும் என்பது நிறையப் பேருக்கு இருக்கும் தவறான எண்ணம். அது நிற்காமல் கீழே உள்ள பட்டியல் முழுவதையும் அனுப்பிவிட்டுத்தான் ஓயும். திருப்பிவிடும் ஒவ்வொரு வரிக்கும் கீழே எக்ஸிட் எழுதுங்கள்.

டி'குரூஸ் வீட்டு ஆர்டர்

உங்கள் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கும் பெயர் இது. 'டி-க்கு அடுத்த அந்தக் குறியை விட்டுவிட்டு டைப் செய்யச் சொல்லியிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் தன் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. குறை நம் கோடில்.

வாடிக்கையாளர் டைப் செய்த பெயரை டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் எஸ்க்யூஎல் வாக்கியத்துக்குள் புள்ளி போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒற்றை மேற்கோள் குறி. டி-க்குப் பிறகு வரும் அதே குறியைப் பார்த்ததும் டேட்டாபேஸ், பெயர் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 'குரூஸ்' அதற்குக் கட்டளையாகத் தெரிகிறது, புரியாமல் பிழை தருகிறது. டி'குரூஸ் வீட்டார் தெரியாமல் செய்ததை ஒருவர் தெரிந்தே செய்தால்? பெயர்க் கட்டத்தில் ஒரு மேற்கோள் குறியும் அதன்பின் தனக்கு வேண்டிய கட்டளையும் டைப் செய்து, உங்கள் லாகினைப் பாஸ்வேர்ட் இல்லாமலே கடந்துவிடலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது இதுதான்.

பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்ட் கற்றுக்கொள்ளுங்கள். வாக்கியத்தில் பெயர் வரும் இடத்தில் வெறும் கேள்விக்குறி வைத்து 'பிரிப்பேர்' செய்துவிட்டு, 'எக்ஸிக்யூட்' செய்யும்போது பெயரைத் தனியே கொடுக்க வேண்டும். பெயரில் என்ன குறி இருந்தாலும் அது பெயராகவே இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் வந்துவிடும். உங்கள் கோடில் பதினான்கு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கும், ஒன்றையும் விடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: 'மைஎஸ்க்யூஎல் க்வெரி' என்று தொடங்கும் பாடங்களைப் பார்த்தால் மூடிவிடுங்கள். அந்தக் கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-லேயே நீக்கப்பட்டுவிட்டன.

பாஸ்வேர்டை எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையில் (பாஸ்வேர்டை வேறு எழுத்துச்சரமாக்கி வைப்பது) வைத்திருக்கிறீர்கள். இன்றைய கணினி வேகத்துக்கு அது பூட்டே இல்லை. 'பாஸ்வேர்ட் ஹேஷ்', 'பாஸ்வேர்ட் வெரிஃபை' என்ற இரண்டு ஃபங்ஷன்கள் பிஎச்பியிலேயே இருக்கின்றன. மாற்றும்போது டேபிளில் பாஸ்வேர்ட் பதியும் நெடுவரிசையின் நீளத்தையும் 255 ஆக்குங்கள். இப்போது 32 வைத்திருக்கிறீர்கள். புதிய ஹேஷ் 60 எழுத்து வரும். நீளம் போதாமல் பாதி வெட்டுப்பட்டுவிட்டால் சரியான பாஸ்வேர்டும் என்றைக்குமே பொருந்தாது.

கேள்விக்குறிகளான பெயர்கள்

சர்வரில் டேபிள் லாட்டின்1 எழுத்துமுறையில் உருவாகியிருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 5.7 வரை ஒன்றும் சொல்லாவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமில்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிடும். டேபிளைத் தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள். டேட்டாபேஸோடு இணைக்கும் வரியிலும் அதையே சொல்லுங்கள், பக்கத்தின் தலையிலும் யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும். மூன்றில் ஒன்று விட்டாலும் பயனில்லை.

ஆனால் ஏற்கெனவே கேள்விக்குறியாகப் பதிந்தவை திரும்ப வராது. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியுமாகத் தெரிந்தால் மீட்க வழியுண்டு, அங்கே தமிழின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றன. வெறும் கேள்விக்குறி என்றால் எழுத்து போய்விட்டது. நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றத்தான் வேண்டும்.

ரசீதில் பெயரின் கடைசியில் ஒரு கறுப்பு வைர வடிவக் குறி வருகிறது என்றீர்கள். ஒரு தமிழ்க் குறிக்கு யுடிஎஃப்-8-ல் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'ஸ்டர்லென்' என்ற ஃபங்ஷன் 15 என்று எண்ணும், 'எம்பி ஸ்டர்லென்' 5 என்று எண்ணும், 'கிராஃபீம் ஸ்டர்லென்' மட்டுமே நாம் எண்ணுவதுபோல் 3 என்று சொல்லும். நீங்கள் பைட் கணக்கில் வெட்டியதால் எழுத்து நடுவில் அறுந்துவிட்டது. பெயரை வெட்ட கிராஃபீம் வகையைப் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ழகரம் புள்ளி இழந்து நிற்கும்.

நீங்கள் கேட்காத இரண்டு

சர்வரின் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கலாம். இரவு 12 மணியிலிருந்து விடிகாலை 5.30-க்குள் பதியும் ஆர்டர் முதல் நாள் தேதியில் விழும். கன்ஃபிக்கில் நேர மண்டலத்தை ஏஷியா, கொல்கத்தா என்று வைத்துவிடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் இதை எழுதத் தொடங்கிய காரணமே அதுதான். அண்டா இருப்பைப் பார்ப்பதையும் ஆர்டரைப் பதிவதையும் தனித்தனியாகச் செய்கிறீர்கள். கடையில் மாமனாரும் வீட்டில் நீங்களும் ஒரே நொடியில் பார்த்தால் இருவருக்கும் 'இருக்கிறது' என்றே காட்டும், பழையபடி ஒரே அண்டா இரண்டு வீட்டுக்குப் போகும். இரண்டையும், பிரியாமல் ஒன்றாகவே நடக்கும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைத்து, இருப்பைப் படிக்கும்போதே அந்த வரியைப் பூட்டிவிட வேண்டும். இதைக் கடைசியில் செய்யுங்கள், ஆனால் செய்யாமல் விடாதீர்கள்.

பதினெட்டாயிரமும் பாஸ்வேர்டும்

மேலே சொன்ன எல்லாம் சேர்ந்தாலும், மாலை நேரங்களில் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரத்து வேலை. அதை நீங்களே செய்வதுதான் நல்லது என்பது என் முடிவான எண்ணம். பிறர் சரிசெய்து கொடுத்தால் அடுத்த முகூர்த்தத்தில் ஒன்று கெடும்போது மறுபடி அவர்தான் வர வேண்டும். பணம் செலவிடுவதானால், எல்லாம் முடிந்தபின் ஒரு அனுபவசாலியிடம் அரை நாள் உங்கள் நிரலைப் படித்துக் குறை சொல்லச் சொல்லுங்கள். அந்தக் கூலி வீண்போகாது. உங்கள் கொழுந்தனாரையே உட்கார வைக்கலாம், இன்ஜெக்‌ஷனைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

யாரிடம் கொடுத்தாலும் சிபேனலின் முதன்மைப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் ஃபைல் ஏற்றி இறக்கும் தனி எஃப்டிபி கணக்கு உருவாக்கிக் கொடுத்து, வேலை முடிந்த அன்றே நீக்கிவிடுங்கள். என்ன வேலை, எவ்வளவு பணம், எழுதும் கோடின் உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுத்து எழுதச் சொன்னதாலேயே கோடின் பதிப்புரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. எழுதியவர் அதை எழுத்துமூலம் மாற்றித்தர வேண்டும்.

எனக்கு அனுப்பிய ஃபைல்களில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அப்படியே இருந்தது. என்னிடம் இருந்த பிரதியை அழித்துவிட்டேன். இருந்தாலும் அதை இன்று மாற்றிவிடுங்கள்.

ஆடி வருகிறது. கல்யாணம் இருக்காது, கோயில் கொடைக்கு அண்டாவும் தவலையும் மட்டும் போகும். அந்த மாதத்து ஆர்டர்களை இதில் பதிந்து பாருங்கள், மாமனாரின் நோட்டிலும் கூடவே எழுதி வாருங்கள். தினமும் ராத்திரி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆவணி முதல் முகூர்த்தம் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி இறங்கும் வரை நோட்டை மூட வேண்டாம். இடையில் எங்காவது நின்றுபோனால், லாக் ஃபைலின் கடைசி வரியை மட்டும் பாஸ்வேர்ட் இல்லாமல் அனுப்புங்கள், பார்க்கிறேன்.